கடலுக்குள் ஒரு கைப்பிடிக் கம்பி

தண்ணீரைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்கிற ஆளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தென்காசிப் பக்கம் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டார்களாம். சாரல் அடிக்கிற மாதத்தில் அருவிக்கு அடியில் நாலு தடவை தலையைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும், வங்காள விரிகுடாவே சட்டைப் பைக்குள் இருக்கிற மாதிரி பேச்சு.

அருவியில் நிற்க என்ன வேண்டும்? இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், காலை அகட்டி ஊன்ற வேண்டும், மூச்சை அடக்க வேண்டும். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் அருவிக்கரையில் முதலில் கேட்கிற பேச்சு "கம்பிய விட்டுராத" என்பதுதான். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கிற கப்பலைப் பார்க்கப் போனால் இந்த மூன்றையும் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அங்கே எதையும் பிடிக்கக் கூடாது. எங்கேயும் காலை ஊன்றக் கூடாது. மூச்சை ஒரு நொடிகூட அடக்கக் கூடாது, அடக்கினால் நுரையீரல் கிழிந்து போகும். இதைக் காதில் வாங்கிக்கொள்ளாத ஒருவனை இலங்கைக்கு அழைத்துக்கொண்டு போய் வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

நான் தென்காசியில் கல்யாண ஸ்டுடியோ நடத்துகிறேன். வயிற்றுப் பாட்டுக்குக் கல்யாணம், ஆசைக்குக் கடல். அந்தமானில் முக்குளிக்கக் கற்று, பிறருக்குச் சொல்லித்தரும் அளவுக்குத் தேர்வும் எழுதியிருக்கிறேன். இப்போது கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்வது ஊரெல்லாம் பரவிவிட்டது. முதலில் தேயிலைத் தோட்டம் என்றார்கள், பிறகு ட்ரோன் என்றார்கள், இப்போது தண்ணீருக்குள் எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

அப்படித்தான் இசக்கிராஜ் வந்தான். புளியறையில் லாரி ஷெட் வைத்திருக்கிறான். சொந்த ஊர் ராயகிரி, நிலபுலன் உள்ள குடும்பம். கூடவே அவனுக்கு நிச்சயித்திருந்த கனகா வந்தாள். குத்துக்கல்வலசைப் பெண், ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் ஸ்டுடியோ சுவரில் மட்டக்களப்புக்கு வடக்கே கடலடியில் நான் எடுத்த பழைய சரக்குக் கப்பலின் படம் ஒன்று தொங்குகிறது. அவன் அதைக் கை நீட்டிக் காட்டினான்.

"மேடம், இங்கன எடுக்கணும்."

"அது தண்ணிக்குள்ள இருக்கு தம்பி. பன்னெண்டு மீட்டர் ஆழம். முறையா படிச்சிட்டுத்தான் போவணும்."

"குத்தாலத்துக்காரனுக்குத் தண்ணியப் பத்திப் பாடமா? ஐந்தருவியில நான் நிக்காத எடமா மேடம்?"

அப்போதே வாசலைக் காட்டியிருப்பேன். ஆனால் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த கனகா, "அக்கா, அங்கன போனா நாம பேசுறது கேக்குமா?" என்று கேட்டாள். பேசவே முடியாது, வாயில் குழாய் இருக்கும் என்றேன். "அப்போ நல்லாருக்கும்," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒத்துக்கொண்டேன்.

பயிற்சி கனகாவின் அப்பாவுடைய வயல் கிணற்றில் நடந்தது. வயல் இப்போது இல்லை. மூன்று பக்கமும் மனை போட்டு வண்ணக் கல் நட்டுவிட்டார்கள், நடுவில் கிணறு மட்டும் ஆழமாக, பச்சைத் தண்ணீரோடு கிடக்கிறது. தூத்துக்குடியில் காற்று நிரப்பிய சிலிண்டர்களை என் வேனில் கொண்டுவருவேன். புது வீட்டு மொட்டை மாடிகளில் துணி காயப் போடுகிற பெண்கள் எங்களை வேடிக்கை பார்ப்பார்கள்.

முக்குளிப்பவர் இடுப்பில் ஈயக்கட்டி கட்டுவார், மேலே காற்றை ஏற்றி இறக்குகிற ஒரு ஜாக்கெட் போடுவார். இரண்டையும் சரிக்கட்டிவிட்டால் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் தண்ணீரில் அப்படியே மிதந்து நிற்கலாம். மிச்சமெல்லாம் மூச்சுதான். படமெடுக்கிறவளுக்கு இது உயிர்நாடி. உடைந்த கப்பலின் மேல்தளத்தில் மாவு மாதிரி சேறு படிந்திருக்கும். ஒரு கால் பட்டால் போதும், எல்லாம் கிளம்பி விளக்கு வெளிச்சத்தில் படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக விழும். அதற்குப் பிறகு அன்றைக்கு வேலை இல்லை.

நான் கிணற்றுக் கயிற்றில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுவேன். மூக்குக்கு நேரே அது இருக்க வேண்டும், தொடக் கூடாது. டம்ளர் மேலே போகிற மாதிரி தெரிந்தால் நீ கீழே போகிறாய் என்று அர்த்தம். கனகா முதல் நாள் தடுமாறினாள். மறுநாள் மேலே வந்து, "மூச்ச இழுத்தா ஒரு சாண் ஏறுது, விட்டா ஒரு சாண் இறங்குது. அவ்ளோதானக்கா?" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு அந்தமானில் ஒரு மாதம் ஆனது. பள்ளி விட்டதும் தினமும் வந்தாள். பிறகு ஒரு நாள் அவள் டம்ளருக்கு முன்னால் அசையாமல் நிற்க, கெண்டைக் குஞ்சுகள் அவள் கண்ணாடியை வந்து கொத்திக்கொண்டிருந்தன. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

எனக்கு அடுத்த சித்திரையில் ஒரு பெரிய வேலை காத்திருந்தது. அதே கப்பலை ஒரு கடல் அருங்காட்சியகத்துக்காக முனையிலிருந்து முனைவரை படமெடுக்க வேண்டும். இந்த வேலைக்குக் கையில் விளக்கோடு கப்பலுக்குள் அசையாமல் மிதக்கிற ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒரு ஆள் சிக்குவது குதிரைக்கொம்பு. கனகாவிடம் வருகிறாயா என்று கேட்டேன். கிணற்றுப் படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தவள் துண்டை அப்படியே மடியில் போட்டுவிட்டு, "நெசமாவா?" என்றாள். லீவு போட்டாவது வருவேன் என்றாள்.

இசக்கிராஜ் கிணற்றுக்கு ஒரே ஒரு நாள் வந்தான். கிணற்றுச் சுவரில் ஏறி எருமை மாதிரி தொப்பென்று குதித்தான். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே மேலே வந்தான், இறங்க முடியவில்லை. பிறகு கிணற்றின் படிக்கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கீழே நின்றான். "கட்டிய இன்னும் கூடப் போடுங்க மேடம், தானா எறங்கும்," என்றான். கட்டி போதும், மூச்சை விடு தம்பி என்று தொண்டை வறளச் சொன்னேன். அதற்குள் செக்போஸ்ட்டில் லாரி நிற்கிறது என்று போன் வந்துவிட்டது. அதோடு சரி, அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப மாட்டார்கள் என்பதால் இசக்கிராஜின் அம்மா கோமதி அம்மாளும் இலங்கைக்குக் கூட வந்தார். வார்த்தை குறைவு, வந்தால் தீர்ப்பு மாதிரி வரும். பை நிறைய இட்லிப்பொடியும் முறுக்கும் கட்டி வந்திருந்தார். சித்திரையில் கனகாவை மறுபடி ஒரு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதை வழியிலேயே அவர் காதில் போட்டு வைத்தேன்.

முதல் நாள் கடற்கரைக்குப் போகிற வழியில் வாடகை வேனின் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது. இசக்கிராஜ் இறங்கி ஓட்டுநருக்குப் பாடம் எடுத்தான். ஏறி உட்கார்ந்த பிறகும் எங்கே கியர் மாற்ற வேண்டும், எங்கே ஹாரன் அடிக்க வேண்டும் என்று பின்சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். எனக்குக் கொஞ்சம் சிங்களம் புரியும். ஓட்டுநர் போனில் யாரிடமோ, "பின்னால் ஒருத்தர் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறார். அதைக் கேட்டு இஞ்சினுக்கு மறுபடியும் சூடு ஏறிவிடும் போலிருக்கிறது," என்று சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழியில் ஒரு கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். இசக்கிராஜ், "நம்ம செங்கோட்ட பார்டர் பரோட்டா கால் தூசிக்கு வராது," என்று கடைக்காரர் காதில் விழும்படியே சொன்னான். கோமதி அம்மாள் மட்டும் மண்சட்டியில் வந்த எருமைத் தயிரில் கித்துள் பாணி என்கிற பனைப்பாகை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "தயிருன்னா இது தயிரு," என்று இன்னொரு சட்டி வாங்கினார். வேண்டாத இடத்துக்கு வந்தாலும் நல்லதை நல்லது என்று சொல்கிற மனுஷி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கரையோரத்தில் இசக்கிராஜைச் சோதித்துப் பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் மண்ணில் முட்டி போட்டு நிற்கத்தான் வந்தது. கப்பலுக்கு மேலே நீ வரக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் மூஞ்சி தூக்கி வைத்துக்கொண்டான். கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தேன். படகிலிருந்து இறங்குகிற நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்க வேண்டும், படகுக்காரர் தேவா பக்கத்தில் இருப்பார், கனகா மட்டும் கப்பலுக்கு மேலே மிதந்து வருவாள், நான் இருவரையும் ஒன்றாகப் படம் பிடிப்பேன். தேவாவும் முக்குளிப்பவர்தான். அந்தக் கப்பலைத் தன் வீட்டு முற்றம் மாதிரி பார்த்துக்கொள்கிறவர். "கப்பலை மட்டும் தொட வேணாம் தம்பி. அதில உயிர் கிடக்கு," என்றார். இசக்கிராஜ் பெருமாள் மாடு மாதிரி தலையாட்டினான்.

மூன்றாம் நாள் காலையில் இறங்கினோம். கடல் ஒத்துக்கொள்ளாது என்று கோமதி அம்மாள் பிளாஸ்க்கோடு கரையிலேயே இருந்துவிட்டார்.

அந்தக் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மேல்தளத்தின் ஓரத்தில் ஓடுகிற கைப்பிடிக் கம்பி முழுக்க ஆரஞ்சு நிறப் பவளமும் சிப்பியும் பூத்து மண்டியிருக்கும். விளக்கை அடித்தால்தான் அந்த நிறம் தெரியும், இல்லாவிட்டால் எல்லாம் நீலச் சாம்பல். கனகா கப்பலுக்கு மேலே வந்தாள். கை இரண்டையும் வயிற்றோடு சேர்த்து, தவளை மாதிரி காலை மெல்ல மடக்கி நீட்டி, ஒரு துளிச் சேறு கிளம்பாமல் வந்தாள். அவளுக்குக் கீழே மீன்கள் மேய்வதை நிறுத்தவில்லை. நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கணம் இசக்கிராஜ் கயிற்றை விட்டான். கனகாவின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியதாம். அவன் எனக்குத் தெரியாமல் ஜாக்கெட் பைக்குள் ஈயக்கட்டிகளைக் கூடுதலாகப் போட்டு வந்திருந்தான். கல் மாதிரி நேரே மேல்தளத்தில் போய் விழுந்தான். விழுந்தவன் கை என்ன செய்யும்? குற்றாலத்துக் கை செய்வதைத்தான் செய்தது. இரண்டு கையாலும் கப்பலின் கம்பியை இறுக்கிப் பிடித்தான், காலை அகட்டி உதைத்து ஊன்றினான், மூச்சை அடக்கினான். சேறு புகை மாதிரி கிளம்பியது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து அவன் முழி பிதுங்கியது.

தேவா வருவதற்குள் கனகா போய்விட்டாள். பின்பக்கமாகப் போய் ஒரு கையை அவன் தோளுக்கு மேல் போட்டு மார்புப் பட்டையைப் பிடித்தாள். இன்னொரு கையால் அவன் ஜாக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை ஏற்றினாள். முகத்தை அவன் முகத்தோடு ஒட்டிக் கொண்டுபோய், மெல்ல மூச்சு விடு என்று கண்ணாலேயே சொன்னாள். அவள் கால் அப்போதும் தளத்தைத் தொடவில்லை. பொத்தானில் இருந்த என் விரல் அதையும் எடுத்துவிட்டிருந்தது. நான் கேமராவை விட்டுவிட்டு நீந்தி வந்தபோது அவனுக்கு மூச்சு திரும்பியிருந்தது. கம்பியை மட்டும் விடவில்லை. நாங்கள் மூவரும் தூக்க, கம்பி மடக்கென்று முறிந்து அவனோடு சேர்ந்து வந்தது.

படகில் ஏறிய பிறகும் முழ நீளக் கம்பியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். அதிலிருந்த பவளம் வெயிலில் கூழாக வழிந்துகொண்டிருந்தது. தேவா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கினார்.

"தொட வேணாம் எண்டு சொன்னன். ஓம் எண்டுதானே தலையாட்டினீங்க," என்றார். கம்பியோடு திரும்பக் கடலுக்குள் இறங்கி, அதை அது இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தார். எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. ஓங்கி ஒன்று வைத்திருப்பேன், வாடிக்கையாளன் என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

கரைக்கு வந்தோம். கோமதி அம்மாள் மகன் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "என்னலே ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. கனகா உள்ள பயந்துட்டா. நான்தான் புடிச்சிக் கரையேத்துனேன்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஈரத் தலையை முடிந்துகொண்டிருந்த கனகா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். கோமதி அம்மாள் பிளாஸ்க்கைத் திறந்து முதலில் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "போதும் தாயி. இனிமே கடல் பக்கமே போவ வேண்டாம்," என்றார். தீர்ப்பு வந்துவிட்டது. சித்திரை போயிற்று.

ஊர் திரும்பியபோது குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. கனகாவைப் பெரிய அருவிக்கு வரச் சொன்னேன். குளித்துவிட்டுத் தெருவோரக் கடையில் நின்றபடி மிளகாய் பஜ்ஜி தின்றோம். ரம்புட்டான் விற்கிறவரின் குடைக்குள் எங்களையும் சேர்த்துக்கொண்டார்.

"கனகா, அந்தம்மாகிட்ட நான் சொல்லட்டா?"

"வேண்டாங்க்கா. சொன்னா கல்யாணம் நிக்கும். நின்னா அவிய பேரா கெடும்? எம்பேருதான் கெடும்."

"அதுக்காவ அவன் புளுகுறத நீ சுமப்பியா?"

"அவிய கெட்ட ஆளு இல்லக்கா. பயந்தத வெளிய சொல்லத் தெரியல, அவ்ளோதான்."

"அப்போ சித்திரை?"

அவள் பஜ்ஜியைப் பிய்த்தாள், தின்னவில்லை. அருவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தில் சாரலா கண்ணீரா என்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவன் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கு அவள் மேலே திரும்பியது. கடலுக்கடியில் ஒரு உயிரை அலட்டிக்கொள்ளாமல் தூக்கி வந்தவள் கரையில் ஒரு பொய்யைத் தூக்கிப் போட முடியாமல் நிற்கிறாளே என்று எரிந்தது.

ஆவணியில் கல்யாணம். படங்களை எல்லாம் அவர்களிடம் கொடுத்திருந்தேன். இசக்கிராஜ் அதில் ஒன்றை போனில் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தான். கனகா அவன் தோள்மேல் கை போட்டு முகத்தோடு முகம் ஒட்டி இருக்கிற படம். உள்ளங்கை அகலத்தில் பார்த்தால் சேற்றுப் புள்ளிகூடத் தெரியாது, கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற ஜோடிதான். மண்டப வாசலுக்குப் பெரிய பிளெக்ஸ் வேண்டும், மேலே 'ஆழ்கடலில் அன்பைக் காத்த நாயகன்' என்று போட வேண்டும் என்றான்.

"நான் போட மாட்டேன் தம்பி. ஏன்னு ஒனக்கே தெரியும்."

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனான். செங்கோட்டையில் வேறு யாரோ போட்டுக் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் கேமராவோடு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் இரும்புக் குழாய் வளைவு கட்டி, அதில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக அந்தப் படத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். எழுத்தெல்லாம் உச்சியில். நிற்கிற ஆளின் கண்ணுக்கு நேரே இருந்தது படத்தின் அடிப்பாகம். போனில் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாதது இப்போது பலாக்காய் அளவுக்குத் தெரிந்தது. முறுக்கிப் பிடித்த இரண்டு முஷ்டிகள்.

வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்க நின்ற கோமதி அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ராயகிரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருஷா வருஷம் அருவிக்கு வருகிற குடும்பம். பெண்கள் பக்கத்துக் கம்பியில் இந்த மாதிரிக் கைகளை அவர் பார்க்காத வருஷம் இருக்காது. கனகா அலங்காரம் முடிந்து உள்வாசலுக்கு வந்திருந்தாள். இசக்கிராஜ் மாலையும் கழுத்துமாகக் காரை விட்டு இறங்கினான்.

"ஏலே, இங்கன வா," என்றார் கோமதி அம்மாள். வந்தான். "இது ஓங்கையா?"

"ஆமாம்மா."

"ரெண்டு கையும் கம்பியில இருக்கு. அப்போ இவள எந்தக் கையால புடிச்ச?"

மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்கள் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தார்கள். எல்லாரும் இந்தப் பக்கத்துக்காரர்கள், எல்லாரும் அருவியில் நின்றவர்கள். ஒருவர் இருமலை அடக்குவது மாதிரி சிரிப்பை அடக்கினார்.

கோமதி அம்மாள் என் பக்கம் திரும்பினார். "யம்மா போட்டோக்காரம்மா, இவ கை எதப் புடிச்சிருக்கு?"

நான் கனகாவைப் பார்த்தேன். இந்த முறை என் மணிக்கட்டைப் பிடிக்க அவள் பக்கத்தில் இல்லை. வேண்டாம் என்று தலையாட்டவும் இல்லை.

"ஒரு கை அவர் பட்டையப் புடிச்சிருக்கு. ஒரு கை அவருக்குக் காத்து ஏத்துது."

"இவ எதுல நிக்கா?"

"எதுலயும் நிக்கல. மிதக்கா."

கோமதி அம்மாள் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, உள்வாசலில் நின்ற மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். கொத்து ரொட்டிக் கடையில் தயிரைப் பார்த்த அதே பார்வை.

"சித்திரையில எங்கயோ போவணும்னீயளே. கூட்டிட்டுப் போங்க," என்றார்.

இசக்கிராஜ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அவன் கை தானாகப் போய் வளைவின் இரும்புக் குழாயைப் பிடித்திருந்தது.

"கம்பிய விடுலே," என்றார் கோமதி அம்மாள்.